அந்த அச்சத்துக்குக் காரணம் யார்?



இந்தச் சொற்பொழிவைக் குண்டலுபேட்டையில் நடத்தலாம் என்று முடிவு செய்த அறக்கட்டளையினருக்கு என் முதல் நன்றி. காட்டுயிர்ப் படங்களைப் பற்றிப் பேசப் பெங்களூரிலும் சென்னையிலும் குளிரூட்டிய அரங்குகள் உண்டு. ஆனால் நான் பேச வந்த பொருள் இந்த ஊரின் கடைசி வீட்டுக்கு அப்பால் நடமாடிக்கொண்டிருக்கிறது. மைசூரிலிருந்து வரும் சாலை இங்கேதான் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று பந்திப்பூர், முதுமலை வழியாக ஊட்டிக்குப் போகிறது. மற்றொன்று சுல்தான் பத்தேரி வழியாக வயநாட்டுக்கு. இரண்டும் காட்டுக்குள் புகுந்து போகிற சாலைகள். 2009 முதல் இரவு ஒன்பது மணியிலிருந்து காலை ஆறு மணி வரை இவற்றில் போக்குவரத்துக்குத் தடை இருக்கிறது. மிச்சப் பதினைந்து மணி நேரமும் காடு நம்மோடு அந்தச் சாலையைப் பகிர்ந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

ஊருக்கு வெளியே செண்டுமல்லி வயலிலும் சூரியகாந்தி வயலிலும் இறங்கிப் படம் எடுத்துக்கொள்ளும் குடும்பங்களை நீங்கள் ஆண்டுதோறும் பார்க்கிறீர்கள். அதே கைபேசி அரை மணி நேரத்தில் காட்டுக்குள் போய்விடுகிறது. பூவுக்கு முன்னால் நின்ற அதே நெருக்கத்தில் யானைக்கு முன்னாலும் நிற்கத் தோன்றுகிறது. யானை காதை விரித்து, தலையைத் தூக்கி, இரண்டடி முன்னால் வைக்கிறது. படம் கிடைத்துவிடுகிறது. 'கோபக்கார யானை' என்ற தலைப்போடு அது அன்று மாலைக்குள் ஊர் முழுக்கப் போய்ச் சேர்கிறது.

விலங்கின் உணர்வைப் படத்தில் கொண்டுவருவது எப்படி என்று இளைஞர்கள் என்னிடம் கேட்கிறார்கள். நல்ல கேள்விதான். அதற்கு முன் கேட்க வேண்டியது வேறொன்று இருக்கிறது. படத்தில் தெரியும் உணர்வு எதனால் வந்தது? அந்த விலங்கின் சொந்த வாழ்க்கையிலிருந்து வந்ததா, கேமராவோடு வந்து நின்ற நம்மால் வந்ததா? இன்று நான் சொல்லப்போவது அத்தனையும் இந்தக் கேள்வியைச் சுற்றியே.

விலங்குகளுக்கு உணர்வு உண்டா என்பதில் இனி நாம் நேரம் செலவிட வேண்டியதில்லை. சார்லஸ் டார்வின் 1872இல் மனிதரும் விலங்குகளும் உணர்வை வெளிக்காட்டும் விதம் பற்றி ஒரு நூல் எழுதினார். ஒளிப்படங்களைச் சேர்த்து அச்சிட்ட ஆரம்பகால அறிவியல் நூல்களில் அது ஒன்று. அந்த நூலைப் புரட்டினால் ஒரு வேறுபாடு கண்ணில் படும். ஒளிப்படங்களில் இருப்பவர்கள் மனிதர்கள். நாயும் பூனையும் குரங்கும் ஓவியர்கள் வரைந்த படங்களாகவே வருகின்றன. அன்றைய கேமராவின் முன் மனிதனை அசையாமல் உட்காரச் சொல்லலாம், அழுவதுபோல நடிக்கவும் சொல்லலாம். நாயிடம் அது நடக்காது. அதற்குப் பிறகு நூற்றைம்பது ஆண்டுகள் போய்விட்டன. தாய்லாந்தின் யானை முகாம் ஒன்றில் பார்த்ததை ஜாஷுவா பிளாட்னிக்கும் பிரான்ஸ் டி வாலும் 2014இல் வெளியிட்டார்கள். ஒரு யானை கலங்கினால் அருகிலுள்ள யானை வந்து தன் துதிக்கையை அதன் முகத்திலும் வாயிலும் வைத்துத் தேற்றுகிறது. வடக்கு வங்காளத் தேயிலைத் தோட்டங்களின் வடிகால்களில் இறந்த ஐந்து குட்டிகளைக் காட்டுயானைகள் மண்ணுக்குள் புதைத்திருந்ததைப் பற்றி 2024இல் இரண்டு இந்திய ஆய்வாளர்கள் எழுதினார்கள். கால்கள் மேல்நோக்கி இருக்க, உடல் மண்ணால் மூடப்பட்டிருந்தது. இதையெல்லாம் படித்தபிறகும் யானைக்குத் துயரம் தெரியாது என்று சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனால் நாம் அந்தத் துயரத்தைத் தேடும் இடம் தவறு. மனிதர்கள் முகத்தில் தேடிப் பழகியவர்கள். விலங்கிடமும் கண்ணையும் வாயையுமே பார்க்கிறோம்.

சில உதாரணங்கள் சொல்கிறேன். சீறும் புலி என்று சுவரில் மாட்டியிருக்கும் படங்களில் கணிசமானவை கொட்டாவி விடும் புலிகள். இன்னும் சிலவற்றில் புலி வேறொரு புலி விட்டுப்போன சிறுநீரின் மணத்தை மேலுதட்டைச் சுருக்கி உள்ளிழுத்துக்கொண்டிருக்கிறது. பல் தெரிகிறது, நாக்கு தெரிகிறது, நாம் கோபம் என்று எழுதிவிடுகிறோம். கோபாலசுவாமி பெட்டா அடிவாரத்தில் நாட்டுக்குரங்கு பல்லைக் காட்டினால் பிள்ளைகள் அது சிரிக்கிறது என்கிறார்கள். அது பயந்திருக்கிறது, தன்னைவிட வலிய ஒன்றின் முன் பணிகிறது. அதே குரங்குக் கூட்டத்தில் பெரிய கடுவன் வாயை அகலத் திறந்து கொட்டாவி விட்டால் அது பெரும்பாலும் எச்சரிக்கை. யானையின் கன்னத்தில் ஈரக் கோடு தெரிந்தால் அழுகிறது என்று நாம் உருகுகிறோம். நமக்கு இருப்பதுபோலக் கண்ணின் நீரை மூக்குக்குள் வடிக்கும் குழாய் யானைக்கு இல்லை. அதனால் அந்த நீர் எப்போதும் வெளியேதான் வழியும். மகிழ்ச்சியாக மேய்ந்துகொண்டிருக்கும்போதும் வழியும்.

இன்றைய கருவிகள் இந்தத் தவறை இன்னும் எளிதாக்குகின்றன. இப்போது வரும் கேமராக்கள் விலங்கின் கண்ணைத் தாமாகவே தேடிப் பிடித்து ஃபோகஸ் செய்கின்றன. ஒரு நொடிக்கு இருபது, முப்பது படங்கள் எடுக்கின்றன. மாலையில் அறைக்குத் திரும்பி, ஆயிரம் படங்களிலிருந்து ஒன்றைப் பொறுக்குகிறோம். எதைப் பொறுக்குகிறோம்? மனிதமுகம்போல் தெரிவதை. சிறுத்தையின் வாயோரம் மேலே வளைந்து புன்னகைபோல ஒரு கணம் தெரிந்தது. கேமரா அதை 1/2000 நொடியில் நிறுத்திவிட்டது. அந்தச் சிறுத்தை அந்தப் புன்னகையை வாழவே இல்லை. கண் மூடித் திறக்கும் நேரத்துக்குள் வந்துபோன ஒரு தசையசைவு அது. முன்னும் பின்னும் உள்ள படங்களை அருகே வைத்துப் பார்த்தால் கதை வேறாக இருக்கும். அந்தப் படங்களை நாம் அழித்துவிடுகிறோம்.

லென்ஸும் கதை கட்டும். 600 மில்லிமீட்டர் லென்ஸ் முன்னும் பின்னும் நிற்பவற்றை ஒட்டவைத்துக் காட்டும். பத்து மீட்டர் இடைவெளியில் ஒன்றையொன்று பொருட்படுத்தாமல் நடக்கும் இரண்டு விலங்குகள் படத்தில் தோளோடு தோள் உரசிச் செல்வதாகத் தெரியும். அதற்கு நாம் 'பாசம்' என்று தலைப்பு வைக்கிறோம்.

இந்தப் பகுதியிலேயே பிறந்து உலகம் சுற்றிய ஒரு படம் உங்களுக்கெல்லாம் தெரியும். கபினியில் ஒளிப்படக்காரர் மிதுன் எடுத்த படம். கிளியோபாட்ரா என்று பெயரிடப்பட்ட பெண் சிறுத்தை முன்னால் நிற்கிறது. அதன் நிழலே எழுந்து நிற்பதுபோல, சாயா என்னும் கருஞ்சிறுத்தை சரியாகப் பின்னால் நிற்கிறது. இரண்டும் நம்மை நோக்கிப் பார்க்கின்றன. 2020இல் அந்தப் படம் வெளியானபோது 'நிரந்தர இணை' என்று கொண்டாடினார்கள். அதற்காக ஒரே இடத்தில் ஆறு நாட்கள் அவர் காத்திருந்தார். சிறுத்தைகள் தனித்து வாழ்பவை. ஆணும் பெண்ணும் சேர்ந்து திரிவது பெரும்பாலும் இணைசேரும் காலத்தில் மட்டும்தான். அந்த வழக்கம் தெரிந்தவருக்குத்தான் எங்கே காத்திருக்க வேண்டும் என்பதும் தெரியும். பார்த்த பலர் அதில் மனிதக் காதலைக் கண்டார்கள். எனக்கு அதில் தெரிவது இரண்டு விலங்குகளின் ஒருமித்த கவனம்: ஒரே திசையில் நான்கு கண்கள், ஒரே கணத்தில் நின்றுபோன இரண்டு உடல்கள். காதல் என்ற சொல்லை எடுத்துவிட்டாலும் படத்தின் வலிமை குறையவில்லை. நல்ல படத்துக்கு இதை ஒரு சோதனையாகவே வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன்.

அதே 2020இல் லண்டனில் ஆண்டின் சிறந்த காட்டுயிர் ஒளிப்படக்காரர் விருது ரஷ்யாவின் செர்கேய் கோர்ஷ்கோவுக்குக் கிடைத்தது. மஞ்சூரிய ஃபிர் மரத்தை ஒரு பெண்புலி இரு கைகளாலும் தழுவி நிற்கும் படம் அது. 'அணைப்பு' என்று பெயர் வைத்தார்கள். புலி அங்கே தன் கன்னத்தை மரப்பட்டையில் தேய்த்து மணத்தைப் பதிக்கிறது. இது என் இடம் என்று அடுத்த புலிக்குச் சொல்கிறது. பெயர் எதுவானாலும் அந்தப் புலியின் முகத்தில் இருக்கும் தன்வயப்பட்ட நிலை உண்மையானது. காரணம், அங்கே மனிதர் யாருமே இல்லை. தானியங்கிக் கேமராவைப் பொருத்திவிட்டு அவர் போய்விட்டார். படம் கிடைக்கப் பதினொரு மாதங்களுக்கு மேல் ஆயிற்று. இந்தியக் காட்டில் இந்த வழிக்கு முன்னோடி ஒருவர் உண்டு. வட இந்தியாவில் வன அதிகாரியாக இருந்த சாம்பியன், புலி நடக்கும் தடத்தில் கம்பி கட்டி, புலியே கால்பட்டுத் தன்னைப் படம் எடுத்துக்கொள்ளும்படி செய்தார். அவருடைய நூல் 1927இல் வந்தது. விளக்கு மின்னிய கணத்திலேயே படம் பதிந்துவிடும், புலி திடுக்கிடுவது அதற்குப் பிறகு. துப்பாக்கி ஏந்தியவன் பார்த்த புலியின் முகமும் சாம்பியனின் கம்பியை மிதித்த புலியின் முகமும் வேறு வேறாக இருந்தன.

தமிழில் இந்தக் கலைக்கு நமக்கு ஓர் ஆசான் இருக்கிறார். மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் கடைசி மகன், 1912இல் பிறந்தவர். கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' இதழில் 1950இல் தொடங்கிய இயற்கைப் பத்தியை 1996இல் மறையும் வரை எழுதினார். கருப்பு வெள்ளையில்தான் படம் எடுத்தார். பல கருவிகளின் பாகங்களை இணைத்துத் தாமே உருவாக்கிக்கொண்ட கனத்த கேமரா ஒன்றுக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயர் வைத்திருந்தார். முதுமலைப் பக்கம், இங்கிருந்து சாலை வழியாக ஒரு மணி நேரத் தொலைவில், பழக்கிய யானையின் முதுகில் ஏறிக்கொண்டு காட்டுயானைகளிடம் போவார். யானை முதுகில் இருக்கும் மனிதனைக் காட்டு விலங்குகள் அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. இப்படிப் போனதால்தான் அவர் படங்களில் யானைகள் கேமராவை மறந்து தம் வேலையைப் பார்க்கின்றன. குட்டி தாயின் கால்களுக்கு இடையே நிற்கிறது, கூட்டம் நீருக்குப் போகிறது. முகத்தை மட்டும் வெட்டியெடுத்துக் காட்டும் ஆசை அவருக்கு இல்லை. மரம், புல், நிழல், மற்ற யானைகள் எல்லாம் சட்டத்துக்குள் இருக்கும். அவருடைய படங்களையும் எழுத்துகளையும் தொகுத்து 2006இல் ஒரு பெருநூல் வந்தது. தொகுத்தவர்களில் ஒருவர் டி.என்.ஏ. பெருமாள். தஞ்சாவூர்க் குடும்பத்தில் வந்து, பெங்களூரில் வாழ்ந்து, கர்நாடகத்தின் இரண்டு தலைமுறை ஒளிப்படக்காரர்களுக்கு வழிகாட்டியவர் அவர்.

கிருஷ்ணனுக்கும் முன்னால் போனால், குறுந்தொகையின் 37ஆம் பாட்டில் பாலை பாடிய பெருங்கடுங்கோ ஒரு யானையைக் காட்டுகிறார். பிடியின் பசியைத் தீர்க்க ஆண்யானை யா மரத்தின் பட்டையை உரிக்கிறது. பிரிந்துபோன தலைவன் திரும்பி வருவான் என்று தோழி தலைவியைத் தேற்றும் பாட்டு அது. யானையின் கண்ணைப் பற்றியோ முகத்தைப் பற்றியோ அங்கே ஒரு சொல்லும் கிடையாது. வறண்ட நிலம், ஒரு மரம், பட்டையை உரிக்கும் கை, பக்கத்தில் பசியோடு ஒரு பிடி, அவ்வளவுதான். அன்பு முழுவதும் செயலில் இருக்கிறது. பந்திப்பூரின் வறண்ட மார்ச் மாதத்தில் மரப்பட்டை உரிக்கும் யானைகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்தப் பாட்டின் சட்டகத்தை மனத்தில் வைத்துக்கொண்டு படமெடுக்கப் போகிறவருக்கு, எங்கே லென்ஸைத் திருப்ப வேண்டும் என்பது பாதி தெரிந்துவிடும்.

இனி செந்நாய். எனக்கு மிகவும் பிடித்த விலங்கு என்பதால் கொஞ்சம் விரிவாகவே பேச அனுமதியுங்கள். இந்தியக் காடுகளில் செந்நாயைப்போலப் பழிசுமந்த விலங்கு குறைவு. உயிரோடு கிழித்துத் தின்னும் கொடிய மிருகம் என்று சொல்லி, கொன்று காட்டுபவர்களுக்கு அரசே பணம் கொடுத்தது. 1972இன் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வரும் வரை அந்த நிலை நீடித்தது. அந்தக் காலத்து வேட்டைக்காரர்களின் எழுத்தில் செந்நாயின் முகம் எப்போதும் குரூரமானது. பிறகு இங்கே, பந்திப்பூருக்கு, நாங்குநேரியில் பிறந்த ஒரு தமிழர் வந்தார். ஏ.ஜே.டி. ஜான்சிங். சிவகாசிக் கல்லூரியில் விலங்கியல் ஆசிரியராக இருந்தவர். 1976 முதல் 1978 வரை இந்தக் காட்டில் செந்நாய்களைக் கால்நடையாகவே பின்தொடர்ந்து ஆராய்ந்தார். சுதந்திரமாகத் திரியும் பெரிய பாலூட்டி ஒன்றை இந்தியர் ஒருவர் முறைப்படி ஆய்வு செய்தது அதுவே முதல் முறை. அவர் கண்டது ஒரு குடும்பம். வேட்டை முடிந்ததும் குட்டிகளுக்கு முதலில் இடம் விடுகிறார்கள். தாய் வளையில் இருந்தால் மற்றவர்கள் வயிற்றில் இறைச்சியைச் சுமந்துவந்து கக்கிக் கொடுக்கிறார்கள். பிரிந்தவர்கள் விசில்போல ஒலியெழுப்பி ஒன்றுசேர்கிறார்கள். 2024இல் ஜான்சிங் மறைந்தார். செந்நாயை நாம் இன்று பார்க்கும் பார்வையில் பெரும்பகுதி அவர் தந்தது.

அவருடைய அறிவைப் படமாக்கியவர்கள் மைசூரைச் சேர்ந்த கிருபாகர், சேனானி. 1997 அக்டோபரில் வீரப்பன் இவர்களைப் பந்திப்பூர்ப் பகுதியிலிருந்து கடத்திச் சென்று பதினான்கு நாட்கள் காட்டில் வைத்திருந்தான். அதைப் பற்றி அவர்கள் எழுதிய நூலைப் பலர் படித்திருப்பீர்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது, ஒரே செந்நாய்க் கூட்டத்தை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்த அவர்களுடைய பொறுமைதான். அவர்களுடைய 'தி பேக்' படம் 2010இல் வைல்ட்ஸ்க்ரீன் விருது பெற்றது. அதில் செந்நாய்கள் விளையாடுகின்றன, வரவேற்கின்றன, குட்டிகளுக்காகக் கவலைப்படுகின்றன. கவலை என்ற சொல்லை இங்கே தயக்கமின்றிச் சொல்கிறேன். ஒரே தாயைப் பல மாதங்கள் பார்த்து, சாதாரண நாளில் எப்படி இருப்பாள் என்று தெரிந்தவருக்கு, அவள் கலங்கிய நாள் தெரியும். ஒருமுறை சஃபாரி போய்விட்டு வந்து ஒரே ஒரு படத்தின் கீழே 'கவலையுறும் தாய்' என்று எழுதுபவருக்கு அந்த உரிமை எங்கிருந்து வரும்?

ஆகவே உணர்வைப் படமாக்கக் கற்க விரும்புபவர்களுக்கு என் யோசனை எளிது. ஒரு விலங்கைத் தேர்ந்தெடுங்கள். அதை நிறைய நேரம் படமெடுக்காமல் பாருங்கள். குண்டலுபேட்டையில் இருப்பவருக்குப் புலி வேண்டியதில்லை. வயலோரத்தில் வரும் மயில், ஏரிக்கரையின் நீர்க்கோழி, கோயில் குரங்கு போதும். உடல் முழுவதையும் பாருங்கள்: வால், காது, முதுகின் வளைவு, நடையின் வேகம், அடுத்த விலங்கோடு உள்ள இடைவெளி. ஒரு படத்தில் அடங்காததை மூன்று படங்களின் வரிசையாக வையுங்கள். கூட்டில் இருக்கும் பறவையிடம் மட்டும் போகாதீர்கள். ஒரு காலத்தில் கிளைகளை ஒதுக்கி, மறைவிடம் கட்டிக் கூட்டுப் படம் எடுப்பது பெரிய திறமையாகக் கருதப்பட்டது. தாய்ப்பறவை குஞ்சுக்கு ஊட்டும் படத்தில் அன்பு ததும்பும். ஆனால் ஒதுக்கிய கிளையின் வழியே வெயிலும் காகமும் உள்ளே வந்துவிடும். இன்று பல போட்டிகள் கூட்டுப் படங்களை ஏற்பதில்லை. அது நல்ல முடிவு.

மறுபடியும் சாலைக்கு வருகிறேன். 2025 ஆகஸ்டில் பந்திப்பூர்ச் சாலையில் யானையை நெருங்கிப் படமெடுக்கப் போன ஒருவர் மிதிபட்டு, நூலிழையில் உயிர் தப்பினார். வனத்துறை அவருக்கு 25,000 ரூபாய் அபராதம் விதித்தது. அவர் பிழைத்ததில் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் அந்த யானையின் பக்கத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். தின்பதை விட்டுத் தலைதூக்க வைத்தது யார்? குட்டி இருந்தால் கூட்டம் நெருங்கி நின்று அதை நடுவில் வைத்துக்கொள்ளும். மண்ணை வாரி வீசும். ஒரு காலை முன்னும் பின்னும் ஆட்டும். காதை விரித்துச் சில அடி ஓடிவந்து நிற்கும். இந்த எச்சரிக்கைகள் ஒவ்வொன்றும் மிகச் சிறந்த 'உணர்ச்சிகரமான' படம் ஆகும். அந்தப் படங்களில் இருப்பது நம்மைப் பற்றிய அச்சம். அதைக் கொண்டாடுவதில் எனக்கு உடன்பாடில்லை. இதை இந்த மேடையில் கோபத்தோடுதான் சொல்கிறேன்.

மனிதனால் வந்த அச்சத்தைப் படமெடுக்கவே கூடாதா என்று கேட்கலாம். எடுக்க வேண்டிய இடம் உண்டு. மேற்கு வங்கத்தின் பாங்குரா மாவட்டத்தில், கூட்டமொன்று எறிந்த தீப்பந்துகளிடையே ஒரு தாய் யானையும் தீப்பற்றிய குட்டியும் ஓடும் படத்தைப் பிப்லப் ஹஸ்ரா எடுத்தார். 'நரகம் இங்கேதான்' என்ற அந்தப் படத்துக்கு 2017இல் சாங்க்சுவரி விருது கிடைத்தது. அங்கே தீயை வைத்தவர் கேமராக்காரர் அல்லர். பார்க்க மறுக்கும் நாட்டுக்கு அவர் சாட்சி சொன்னார். பொய்ச் சாட்சியும் நமக்குத் தெரியும். 2019 பிப்ரவரியில் பந்திப்பூரில் ஆயிரக்கணக்கான ஏக்கர் எரிந்தபோது, வேறு நாடுகளில் வேறு ஆண்டுகளில் எடுக்கப்பட்ட கருகிய விலங்குகளின் படங்கள் நம் காட்டின் பெயரில் கைபேசிகளில் சுற்றின. அழுதவர்களின் கண்ணீர் உண்மைதான். ஆனால் அந்தத் துயரத்துக்கும் இங்கே எரிந்த புல்லுக்கும், புழுவுக்கும், பாம்புக்கும், அணைக்க ஓடிய வனக் காவலர்களுக்கும் தொடர்பே இல்லாமல் போயிற்று.

முதுமலையின் தெப்பக்காட்டு யானை முகாமில் எடுத்த 'தி எலிஃபண்ட் விஸ்பரர்ஸ்' ஆவணப்படம் 2023இல் ஆஸ்கர் பெற்றதை நாம் எல்லோரும் பெருமையாகப் பார்த்தோம். அதில் பொம்மனும் பெள்ளியும் வளர்த்த ரகு என்ற குட்டியானையிடம் நாம் கண்ட அன்பு மனிதரோடு சேர்ந்து வளர்ந்த யானையின் அன்பு. அதை மனத்தில் வைத்துக்கொண்டு சாலையோரக் காட்டுயானையிடம் அதே பார்வையை எதிர்பார்ப்பது ஆபத்து என்பதை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன்.

முடிவாக அறக்கட்டளையினரிடம் இரண்டு வேண்டுகோள்கள். பள்ளி, கல்லூரி மாணவர்களுக்காக நீங்கள் ஒளிப்படப் போட்டி நடத்தினால், படத்தின் தலைப்போடு மூன்று தகவல்களைக் கட்டாயமாகக் கேளுங்கள்: எவ்வளவு தூரத்திலிருந்து எடுத்தது, எவ்வளவு நேரம் பார்த்தபிறகு எடுத்தது, விலங்கு உங்களைக் கவனித்ததா? மூன்றாவது கேள்விக்கு 'ஆம்' என்று எழுதினால் தள்ளிவிட வேண்டாம். படத்தின் கீழே அதையும் அச்சிடுங்கள்.

இரண்டாவது, சஃபாரி வண்டி ஓட்டுபவர்களைப் பற்றியது. நாம் லென்ஸை மாற்றிக்கொண்டிருக்கும்போதே அவர்கள் பின்கியரைப் போட்டுவிடுகிறார்கள். யானையின் வால் விறைப்பதையும், கூட்டத்தில் மற்ற யானைகள் திடீரென அசைவற்றுப் போவதையும், புதருக்குள் கடமான் எழுப்பும் ஒற்றைக் குரலையும் நமக்கு முன்பே படித்துவிடுகிறார்கள். தடம் பார்க்கும் காவலர்களும் அப்படியே. அவர்களில் பலர் ஜேனு குருபர், சோளகர் குடும்பங்களில் பிறந்தவர்கள். விருது பெற்ற எத்தனையோ படங்கள் அவர்கள் வண்டியை நிறுத்திய இடத்தில் நின்று எடுத்தவை. படத்தின் கீழே அவர்கள் பெயர் வருவதில்லை. அடுத்த ஆண்டுச் சொற்பொழிவுக்கு அவர்களில் ஒருவரை அழையுங்கள். அவர் கன்னடத்தில் பேசட்டும், யாராவது ஒருவர் தமிழில் சொல்லட்டும். முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்க நான் வருகிறேன்.